சபைக்கு ஆகாத விரிப்பு

கல்முனையில் கம்பளி வேலை செய்யும் ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் முதலாவதாக வருவது லேசு. கிணற்றடிக் கட்டு கால் வைக்க முடியாமல் சுட்டு, கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலுக்குள் ஒதுங்குகிற நேரத்தில், மடி நிறையக் கம்பளி நாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் கிழமையே பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா புள்ள, நுவரெலியாக் குளிருக்குள்ள குடி போகப் போறீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஆருக்குப் போர்வை?"

போர்வை இல்லை மாமி, பூனை செய்கிறேன் என்றேன். அவர் என் மடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "உசிரோட உள்ள பூனையே வளவு நிறையத் திரியுது" என்று சொல்லிவிட்டு மதிலிலிருந்து இறங்கிப் போனார். என் கலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். அதன்பின் வந்த விமர்சனங்கள் எல்லாம் அதைவிட நீளமானவை, அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியம் எனக்குக் கைத்தொலைபேசியில் பிடித்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு பெண் கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி ஒரு முயலை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. நான் மின்விசிறிக்குக் கீழே வியர்த்து வழிந்தபடி அதைப் பார்த்து, இது எனக்கென்றே வந்த தொழில் என்று முடிவு செய்தேன். அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் கணவரின் ராத்தா, "என்ன அனுப்ப? சொக்லட்டா, சென்டா?" என்று கேட்டபோது, கம்பளி என்றேன். அவர் தம்பியைத் தனியாக அழைத்து, நான் சுகமாகத்தான் இருக்கிறேனா என்று விசாரித்தாராம். ஆனாலும் அனுப்பினார். ஒரு பெரிய மூட்டை நிறைய வெள்ளை, அதோடு சாயம் போட்ட நிறங்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக.

அந்த ஊசி சாதாரணத் தையல் ஊசி அல்ல. அதன் உடம்பில் கண்ணுக்கு இலேசில் தெரியாத கொளுக்கிகள் இருக்கும். குத்தக் குத்த நார்கள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிக்கொள்ளும். நூல் இல்லை, தையல் இல்லை, பசை இல்லை. கோபத்தோடு குத்தினால் இன்னும் நன்றாக இறுகும். ஆகவே எனக்குத் தொழில் சீக்கிரமே பிடிபட்டது. பூனை செய்தேன். மீன்கொத்தி செய்தேன். சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குள் சேறு பூசிக் கிடக்கும் எருமை ஒன்றைப் பார்த்து, அதே சோம்பலோடு ஒரு எருமையும் செய்தேன். எருமையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உம்மாவுக்கு இல்லை. "உருவம் வெச்ச வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க" என்று சொல்லி, நான் கொண்டு போய்க் காட்டிய எருமையைத் தேத்தண்ணி வடிக்கும் துணியால் மூடிவிட்டார். வானவர்களான மலக்குமார் வராமல் போவதில் உம்மாவுக்குக் கவலை இருந்தது உண்மை. ஆனால் அந்த வருடம் அதைவிடப் பெரிய கவலை, மாப்பிள்ளை வீட்டார் வருவது.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டையும் பெற்றுத் தர வேண்டும். எனக்கு உம்மாவும் வாப்பாவும் பக்கத்து வளவில் ஒரு வீடு கட்டித் தந்து, என் கணவரை அதில் இறக்கி, கல்முனைக் கடைத்தெருவில் வாப்பா வைத்திருந்த புடவைக் கடையையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இருக்கிற வீடு தங்கச்சிக்கு. தங்கச்சிக்குச் சம்மாந்துறையில் ஒரு இடம் பேசி வந்தது. நெல் ஆலை வைத்திருக்கிற குடும்பம். அப்படிப்பட்டவர்கள் பெண் பார்க்க வந்தால் பெண்ணைப் பார்க்கிற நேரத்தைவிட டைல்ஸைப் பார்க்கிற நேரம் கூட. உம்மா அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வீட்டில் எந்தப் பொருளும் தன் இஷ்டத்துக்கு இருக்க முடியாத காலம் அது.

இதற்கு நடுவில்தான் வாப்பாவின் முழங்கால்கள் மெல்ல மெல்லக் கைவிட்டன.

வாழ்நாள் முழுக்கக் கடையில் நின்று சாரமும் சேலையும் விரித்து மடித்தவர் அவர். டைல்ஸ் தரையில், கடதாசி மாதிரி மெலிந்த ஒரு தொழுகைப் பாயில், அஞ்சு நேரமும் முழங்கால் குத்தி எழும்புவது அவருக்கு இப்போது ஒரு சண்டை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். சுஜூதில் நிலத்தில் நெற்றி வைத்த கையோடு எழும்பிவிடுவார். வைத்தியர் கதிரையில் இருந்து தொழச் சொல்லிவிட்டார். உடனே உம்மா கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி வந்து அறை மூலையில் வைத்தார். வாப்பா அதில் சட்டையைக் கழற்றிப் போட்டார். வேறெதற்கும் அதை அவர் தொடவில்லை.

"கதிரையில இருந்து தொழுதா என்ன வாப்பா? மார்க்கத்தில விட்டிரிக்கிதானே?" என்று கேட்டேன்.

"ஓம் மகள், மார்க்கம் விட்டிரிக்கி. எனக்குத்தான் விட ஏலாமக் கிடக்கு." முழங்காலைத் தடவிக்கொண்டார். "எங்கட பள்ளியில எத்தினையோ பேர் கதிரையில இருந்துதான் தொழுறாங்க. அவங்கட தொழுகைக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு நெத்தி நிலத்தில படாட்டி, ஒரு வீட்டுக்குப் பெய்த்து வாசல்ல நிண்டு கதைச்சிட்டுத் திரும்பி வாற மாதிரி."

நோன்பு மாதம் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் சரிவராவிட்டால் கதிரைதான் என்று வைத்தியரிடம் ஒப்புக்கொண்டு வந்திருந்தார். நோன்பு இரவுகளில் தொழுகை நீளம். அந்த முழங்கால்கள் அதைத் தாங்காது என்று அவருக்கே தெரியும். புடவை வியாபாரி என்பதால் தவணை பேசுவதில் கெட்டிக்காரர். ஆனால் இந்தத் தவணையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அன்றைக்கே ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. பூனைக்கும் எருமைக்கும் செலவழித்த கம்பளியில் வாப்பாவுக்குத் தடிப்பாக ஒரு தொழுகை விரிப்புச் செய்தால் என்ன? உருவமும் இல்லை, மலக்குமாருக்கும் தடையில்லை.

இதற்கு ஊசி வேலை காணாது. நாரைப் பிரித்து ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக என்று பரப்பி, மேலே பழைய நுளம்பு வலையை மூடி, சுடுதண்ணீரில் சவர்க்காரம் கரைத்துத் தெளித்து, உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். பிடிபட்டதும் பன்பாயில் வைத்துச் சுருட்டி உருட்ட வேண்டும். பிரித்து, திருப்பி, மறுபடி சுருட்டி உருட்ட வேண்டும். கை ஓய்ந்தால் காலால் உருட்டலாம். நெய்யாமல், தைக்காமல் நார்கள் தாமே இறுகித் தடித்த துணியாகிவிடும். அதற்கு உலகம் ஃபெல்ட் என்று பெயர் வைத்திருக்கிறது. உம்மா "கம்பளியக் குளிப்பாட்டுற" என்று பெயர் வைத்தார்.

இறுகும்போது சுருங்கும் என்பதை அந்தக் குளிர் தேசத்துப் பெண் சொல்லித்தான் இருந்தாள். நான்தான் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். ஆகவே முதல் விரிப்பு, வாப்பா நிற்பதற்கென்று ஆரம்பித்து, சோற்றுப் பானை நிற்பதற்கென்று முடிந்தது. உம்மா அதை எடுத்துப் போய்க் குசினியில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக என் கலையில் ஒரு பிரயோசனம் இருப்பதாக ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை உம்மா வீட்டுப் பின் விறாந்தை முழுவதையும் மறித்து நாரைப் பரப்பினேன். தொழுதுவிட்டு வந்த வாப்பா கதவு நிலையில் கைவைத்து நின்று அதைப் பார்த்தார். "மகள், இதில ஊரக் கூட்டி ஜமாஅத்தாத் தொழலாம் போல" என்றார். சுருங்கும் வாப்பா, சுருங்கும் என்றேன். பாயில் சுருட்டிக் கிணற்றடியில் உருட்டச் சுருங்கியது. இந்த முறை சரியான அளவுக்கு. பால் வெள்ளை, ஓரத்தைச் சுற்றி விடியற்காலைக் கடலின் நிறத்தில் மெல்லிய கரை. வளைவு நெளிவு எதுவும் வைக்கவில்லை. முழங்கால் படுகிற இடத்திலும் நெற்றி படுகிற இடத்திலும் இரண்டு அடுக்குக் கூட. என் கையால் இவ்வளவு அழகான ஒன்று வரும் என்று நானே நம்பவில்லை, அதனால் அன்று முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாப்பா அதன் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், இழுத்தார், வெளிச்சத்துக்குப் பிடித்தார். "கிழியாது" என்றார். புடவைக் கடைக்காரர்களின் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. "சாயம் போகுமா?" என்றும் கேட்டார், நான் கொழும்பிலிருந்து சரக்குக் கொண்டு வந்த ஆள் மாதிரி. காய்ந்ததும் பின்னேரம் அஸர் தொழுகைக்கு விரித்துப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம்.

அஸருக்கு முன்னால் உம்மா வந்தார்.

கொடியில் கிடந்ததை ஒரு தடவை பார்த்தார். கையால் தடவினார். முகம் மலர்ந்தது. எங்கள் உம்மாவின் முகம் ஒரு பொருளைப் பார்த்து மலர்ந்தால், அந்தப் பொருளின் கதை முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் ஒரு சீனத்துத் தேத்தண்ணிக் கோப்பைக் கூட்டம் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு சொட்டுத் தேத்தண்ணியைக் கண்ணால் காணாமல் வாழ்கிறது. பூப்போட்ட கட்டில் விரிப்புகள், பிரிக்காத துவாய்கள், யாரோ மக்காவிலிருந்து கொண்டு வந்த தட்டுகள். நாங்கள் வெடித்த கோப்பையில் குடிப்போம், நல்லது வராத ஆட்களுக்காகக் காத்திருக்கும். உம்மாவின் பாராட்டு என்பது பூட்டுப் போடுவதுதான்.

"இது தரையில போடுற சாமானா?" என்று கொடியிலிருந்து உருவினார்.

"தொழுற பாயை வேற எங்க உம்மா போடுற?"

"ஆக்கள் வந்தா விரிக்கலாம். மாப்பிள்ளை வீட்டாக்கள் அஸருக்கு நிண்டா இந்தக் கிழிஞ்ச பாயையா குடுக்கிற?"

"இது வாப்பாட முட்டுக்காலுக்குச் செஞ்ச!"

"முட்டுக்கால் எங்க ஓடிப் போகப் போகுது? கல்யாணம் முடிஞ்ச மறுகா எடுத்துப் போடுவம்."

பொலித்தீன் உறைக்குள் போட்டு, பூச்சி உருண்டை ரெண்டை நடுவில் வைத்து, அலுமாரியின் மேல் தட்டில் அடைத்தார். நான் சத்தம் போட்டேன். உம்மா என்னைவிடச் சத்தம் போட்டார். உம்மாவை இரக்கமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளி போட்டு எண்ணெய் காய்ச்சி அந்த முழங்கால்களுக்கு நாள் தவறாமல் பூசிவிடுகிறவர் அவர்தான். எண்ணெய் பூசுகிற அதே கைதான் அலுமாரியையும் பூட்டுகிறது, அதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

"விடு மகள்" என்றார் வாப்பா. "அது உம்மாட சந்தோசம்." சொல்லிவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பழைய பாயில் இறங்கினார். உம்மாவோடு வாக்குவாதப்படுவதைவிட முழங்கால் நோவு அவருக்கு லேசு போல. எனக்கு அன்றைக்கு இரண்டு பேர் மேலும் சரியான ஆத்திரம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் ராத்தாவும். எதிர்பார்த்தபடியே டைல்ஸைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள், கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் பார்த்தார்கள், மிச்சம் இருந்த நேரத்தில் தங்கச்சியையும் பார்த்தார்கள். பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். உம்மா அலுமாரியைத் திறந்தார். பூச்சி உருண்டை வாசனையோடு என் விரிப்பு வெளியில் வந்தது.

தொழுது முடித்தும் மாப்பிள்ளையின் உம்மா எழும்பவில்லை. உட்கார்ந்தபடியே விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லா மெத்து மெத்தெண்டு இரிக்கி. முட்டுக்கால் நோவே தெரியல்ல. எங்க எடுத்த?"

நான் வட்டிலப்பத் தட்டோடு வாசலில் நின்றேன். ஒரு கலைஞரின் வாழ்க்கையில் இப்படியொரு நேரம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடக்கமாகச் சிரிக்கவும் ஆயத்தமாக இருந்தேன்.

"டுபாய்ல இருந்து வந்த" என்றார் உம்மா. கண் இமைக்கவில்லை.

உள்ளறையில் வாப்பா இருமினார். நான் தட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

"எங்கட வீட்டுக்காரருக்கும் இப்பிடி ஒண்டு கிடைச்சா நல்லம்" என்றார் அந்த அம்மா.

"அதுக்கென்ன, செல்லி விட்டா வந்திரும்."

அவர்கள் வாகனம் தெருமுனை திரும்பும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு பொறுக்கவில்லை. கிணற்றடியில் கை தேய்ந்து செய்தவள் நான், டுபாய்க்குப் பெயரா என்று கத்தினேன்.

உம்மா நிதானமாகத் தட்டுகளை அடுக்கினார். "நீ செஞ்ச எண்டு சென்னா அவங்க என்ன நினைப்பாங்க? மூத்த மருமகன் கடை நடத்துறது காணாம மூத்த மகள் கம்பளி தேய்க்கிறா எண்டு நினைப்பாங்க. டுபாய் எண்டாத்தான் மதிப்பு. கிணத்தடி எண்டா ஆரு மதிக்கிற?"

வாப்பா கடையில் உட்கார்ந்த காலத்தில் உம்மா அங்கே போய் உட்கார்ந்திருந்தால் கல்முனைக் கடைத்தெருவில் பாதி எங்களுடையதாக இருந்திருக்கும்.

ஆக, டுபாய் மறுபடி வேலையில் இறங்கியது. என் தங்கச்சியின் வாழ்க்கை என்று வந்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூட்டையில் மிச்சமிருந்த வெள்ளை எல்லாம் அதில் போனது. முதலாவதைவிட இது நன்றாகவே வந்தது, ஏனென்றால் பூராவும் கோபத்தில் உருட்டினேன். பழத் தட்டோடும் பலகாரத் தட்டோடும் அது சம்மாந்துறைக்குப் போனது. கல்யாணப் பேச்சு முற்றாகியது. அந்த நெல் ஆலைக்காரர் அதில் சொகுசாகத் தொழுகிறார், "டுபாய் டுபாய்தான்" என்கிறார் என்று செய்தி வந்தது. அவருடைய முழங்கால்களுக்கு ஒரு குறையும் இல்லையாம், அல்ஹம்துலில்லாஹ்.

அலுமாரியில் இருந்ததையாவது இப்போது தாருங்கள் என்று கேட்டேன். கல்யாணத்தன்று வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், அப்போது எதை விரிப்பது என்று கேட்டார் உம்மா. கல்யாணம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. புதிதாகக் கம்பளி கேட்டு அவுஸ்திரேலியா மதினிக்குச் செய்தி அனுப்பினேன். கப்பலில் போடுகிறேன், பெருநாள் கழிந்துதான் வந்து சேரும் என்றார்.

நோன்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு காலை நான் அங்கே போனபோது, வாப்பா கதிரையில் கிடந்த சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஈரத் துணியால் கதிரையைத் துடைத்தார். கைப்பிடியைத் துடைத்தார், கால்களைத் துடைத்தார். துடைத்து முடித்து, அதைத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி வைத்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"தூசி" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது கடிக்க வேண்டும் போல் இருந்தது. வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்து ஒரு துண்டுக் கம்பளியைக் கொலை செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிழை உம்மாவில் இல்லை, அலுமாரியிலும் இல்லை. பிழை என்னில். அழகாகச் செய்ததுதான் பிழை. உம்மாவுக்குப் பிடிக்கிற எதுவும் வாப்பாவுக்குக் கிடைக்காது. ஆகவே உம்மா பார்த்த உடனே முகத்தைச் சுளிக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும்.

மிச்சமிருந்ததும் அதற்குத் தோதாகவே இருந்தது. சாயப் பொட்டலங்களின் அடிக்கழிவு: கொஞ்சம் செம்மஞ்சள், கொஞ்சம் பச்சை, வெற்றிலைத் துப்பல் மாதிரி ஒரு சிவப்பு. அது காணாது. கத்தரிக்கோலை எடுத்து முதலில் பூனையை அறுத்தேன். மீன்கொத்தியைப் பிய்த்தேன். எருமையிடம் வந்தபோது கொஞ்ச நேரம் அதன் சோம்பல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் அறுத்தேன். வயிறு நிறைய நல்ல தடித்த நார் வைத்திருந்தது, ஒரு முழங்காலுக்குத் தாராளமாகக் காணும்.

அசிங்கமாகச் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை கேட்கிறதில்லை. பச்சைக்குப் பக்கத்தில் எருமையின் கறுப்பைப் போட்டால் கை தானாகப் போய் ஒரு கரை கட்டப் பார்க்கிறது. ஓரம் கோணினால் விரல் போய் நேராக்குகிறது. விரலைத் தட்டிவிட்டுக் கோணலாக்கினேன். எங்கே ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு ஒத்துப்போவது போல் தெரிந்ததோ, அங்கே அந்தச் சிவப்பைத் தூவிக் கெடுத்தேன். அழகை மட்டும்தான் கெடுத்தேன். முழங்காலுக்கும் நெற்றிக்கும் அடுக்கின் மேல் அடுக்காக வைத்தேன், மற்ற எல்லா விரிப்பையும்விட நன்றாக உருட்டி இறுக்கினேன். நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது காய்ந்தது. பார்த்தால் குழந்தை சத்தி எடுத்த துணியைக் கழுவாமல் காயப்போட்ட மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் நான் நினைத்தபடியே அச்சொட்டாக வந்த ஒரே வேலை அதுதான்.

வேண்டுமென்றே அதை உம்மாவின் கண்ணுக்கு நேரே கொண்டு போய் விரித்துக் காட்டினேன். "உம்மா, இத மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்தா விரிப்பமா?"

உம்மா ஒரு எட்டுப் பின்னுக்குப் போனார்.

"அல்லாஹ்வே! என்ன கோதாரிகா இது? இத சபைக்கு விரிச்சா மானம் பெய்த்திடும். உனக்கு என்ன நடந்த? நல்லாத்தானே செஞ்சிட்டு இருந்த!" அலுமாரிப் பக்கம் நான் போய்விடுவேனோ என்று குறுக்கே வந்து நின்றார். "கொண்டு பெய்த்து உள்ளுக்கு வாப்பாக்குப் போடு. ஆக்கள் வந்தா மடிச்சிக் கட்டிலுக்குக் கீழ தள்ளு."

சரி உம்மா என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிடும் என்ற பயம்.

வாப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார். விரலால் தேய்த்தார், இழுத்தார். வெளிச்சத்துக்குப் பிடிக்கத் துணியவில்லை. "நல்லம் மகள்" என்றார். "இதில தொழுதா கவனம் சிதறாது. பாக்கவே மனம் வராது."

அன்று நடுப்பகல், ளுஹர் தொழுகை நேரம். உம்மாவும் நானும் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம். வாப்பா தொழுகிற அறை சுவருக்கு அந்தப் பக்கம். அவர் தொழும்போது உம்மா பார்க்கத் தேவையில்லை, முக்கலை வைத்தே சொல்லிவிடுவார், இறங்கிவிட்டாரா எழும்பிவிட்டாரா, எத்தனையாம் றக்அத்து என்று. அன்று தொழுகை தொடங்கும் தக்பீர் கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை. உம்மா கத்தியைப் பிடித்தபடியே காதைக் கொடுத்தார்.

"சத்தத்தக் காணல்லியே" என்றார்.

கத்தியைப் போட்டுவிட்டு, மீன் இரத்தக் கையோடு எழும்பி ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். வாப்பா சுஜூதில் இருந்தார். அந்த அசிங்கமான சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் நெற்றியை வைத்து, அசையாமல். எழும்பவேயில்லை. தொழுகிற ஆளைக் கூப்பிடவும் முடியாது. உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு, என் கம்பளியும் வேண்டாம் என் கலையும் வேண்டாம், இந்த மனிதர் எழும்பினால் போதும் என்றிருந்தது.

எழும்பினார். கட்டிலைப் பிடிக்காமல், அவசரப்படாமல் எழும்பி இருந்து, தொழுகையை முடித்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் திரும்பியபோதுதான் எங்களைக் கண்டார்.

"மௌத்தாப் பெய்த்தீங்க எண்டு நினைச்சன்" என்றார் உம்மா. "மனுசரப் பயப்படுத்திறத்துக்கா இவ்வளவு நேரம் கிடந்தீங்க?"

வாப்பா முழங்காலில் கையை வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு காலமும் நோவு ஒழும்பச் சென்ன நேரத்துக்கு ஒழும்பின நான். இண்டைக்குத்தான் அல்லாஹ்ட்ட கேக்க உள்ளதெல்லாம் கேட்டு முடிச்சிட்டு ஒழும்பின."

உம்மா அப்படியே அவருக்குப் பக்கத்தில், அந்த விரிப்பின் கோணல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். மீன் கையை மட்டும் அதில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வாசலில் நின்று அழுதேன். அன்று என் கைவேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.